எழுபத்தெட்டு நிமிடம்

முதல் நாள் மாலை ஒப்புதல் தாளோடு போனேன்.
பெயர் உண்ணாமலை. ஐம்பத்தாறு வயது.
காரைக்குடி செக்காலையில் ஏலச்சீட்டு நடத்துபவர்.
மூன்று குழாய்களில் அடைப்பு.
"ராத்திரி பத்துக்கு மேல் எதுவும் உண்ணக் கூடாது."
"அதுக்குத்தானே இந்தப் பேரு."

தாளை வரி விடாமல் வாசித்தார்.
"நெஞ்சை நிப்பாட்டுவீகளா?"
ஆமாம்.
"எம்புட்டு நேரம்?"
ஒரு மணி. கொஞ்சம் கூடலாம்.
"நிப்பாட்டுன நேரத்துக்கு வட்டி ஓடுமா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்றேன்.
பாதி உண்மை.

காலையில்
மணிக்கட்டை மரத்துப்போக வைத்து
நாடிக்குள் மெல்லிய குழல் செருகினேன்.
திரையில் சிவப்பு அலை.
இந்த நெஞ்சுக்கு மருந்தை வேகமாகத் தள்ளக் கூடாது,
அதட்டினால் சுருண்டுவிடும்.
கொடுத்த கடனைக் கேட்கப் போனவர்
வாசலில் செருப்பைக் கழற்றும் நிதானத்தில்
சொட்டுச் சொட்டாக.

எண்ணிக்கொண்டே இருங்கள் என்றேன்.
அவர் பெயர்களை எண்ணினார்:
கருப்பாயி, எட்டாயிரம்.
அமலோற்பவம் டீச்சர் கட்டிட்டாக.
சோலைமலை, ரெண்டு தவணை பாக்கி.
வே…

அத்தோடு நின்றது.
இமைகளை ஒட்டினேன்.
இனி அவருக்குப் பதிலாக
அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை
நான் கணக்கெழுத வேண்டும்.

9.14.
மகாதமனியில் இடுக்கி விழுந்தது.
பொட்டாசியம் கலந்த குளிர்ந்த ரத்தம் உள்ளே இறங்க
இதயம் ஒருமுறை துணுக்குற்று
கிடந்துவிட்டது.
கோடு நேராக ஓடியது.
அலாரத்தை நான்தான் அணைத்தேன்.

வெளியே சித்திரை.
கல்லுக்கட்டியில் தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் நாள்.
உள்ளே ஒரு கை அகலத்தில் பனிக்கூழ்,
இந்தச் சீமையிலேயே மிகக் குளிர்ந்த இடம்.
நிற்கும் இதயம் கொஞ்சமாக உண்ணும்,
குளிர்ந்தால் இன்னும் கொஞ்சமாக.
இருபது நிமிடத்துக்கு ஒரு தவணை.

பம்பை ஓட்டுபவர் பெயர் இருதயராஜ்.
கிண்டல் செய்வதை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம்.
ஆவி மருந்தை அவர் இயந்திரத்தின் வழியே தொடர்ந்தேன்.
அதற்கும் நெஞ்சைக் காக்கும் குணம் உண்டென்பார்கள்,
எல்லா ஆய்வுகளும் ஒத்துக்கொள்வதில்லை.
நான் நம்புகிறேன், அளவோடு.

நடுவில் விளக்கு ஒருமுறை இமைத்தது.
யாரும் தலை நிமிரவில்லை.
இருதயராஜின் கை மட்டும்
பம்பின் கைப்பிடிக்குப் போய்த் திரும்பியது.

10.32.
இடுக்கி எடுத்தார்கள். சூடான ரத்தம்.
இதயம் துடிக்கவில்லை, நடுங்கியது,
கொதிக்கும் கஞ்சியின் மேற்பரப்பாக.
பத்து ஜூல். நடுக்கம்.
மக்னீசியம் கொடுத்தேன். காத்திருந்தோம்.
மறுபடி பத்து.
எதுவுமில்லை,
நடுக்கம்கூட இல்லை.
அறுவை மருத்துவர் சாத்தப்பன் விரல்களைத் தூக்கிக்கொண்டார்.
நான் என் நாக்கைக் கடித்திருந்தது
அப்புறம்தான் தெரிந்தது.

ஒன்று.
நெடுநேரம் கழித்து
இன்னொன்று.

மூன்றாம் நாள் தொண்டை கரகரக்கக் கேட்டார்:
"எம்புட்டு நேரம் நிப்பாட்டுனீக?"
எழுபத்தெட்டு நிமிடம்.
மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

பதினாறாம் நாள் அலைபேசியில் அழைத்தார்.
"டாக்டர், ஒரு ஆள் பணத்தோட வந்து நிக்கிறாக.
முகம் தெரியுது. தொகை தெரியுது.
பேரு மட்டும் வர மாட்டேங்குது.
அவுககிட்டயே எப்படிக் கேக்குறது?"

சில வாரங்களில் சரியாகிவிடும்,
பலருக்கு இப்படி ஆவதுண்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவும் சொன்னேன்.
"அப்ப ஓடியிருக்கு" என்றார்.

அந்த ஆள்தானா என்று எனக்குத் தெரியாது.
என்னிடம் இருந்தது ஓர் எழுத்து.
"வே" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது.
யாரோ நோட்டுகளை எண்ணும் சத்தம்.